தோயாத பால் சொன்ன பாடம்

‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு என்று எங்கள் தமிழாசிரியை சொல்லிக் கொடுத்திருக்கிறார். அது எவ்வளவு உண்மை என்பதை நம் பள்ளி மாணவியருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பத்தாம் வகுப்பில் பாதிப்பேர் மாடோ ஆடோ கோழியோ வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள். விடியற்காலையில் சாணம் அள்ளித் தொழுவத்தைக் கூட்டிவிட்டு, பிறகு சீருடை அணிந்து பேருந்து ஏறுகிறவர்கள் எங்களுள் உண்டு. பால் பணத்தில்தான் நோட்டுப் புத்தகம். பால் பணத்தில்தான் பண்டிகைத் துணி. பசு ஒன்று நோயுற்றால் அந்த வீடே நோயுற்றது போலத்தான்.

நோயுற்ற அந்தப் பசுவுக்கு நாம் போடும் மருந்தைப் பற்றியதே இக்கட்டுரை. மருந்தைப் பற்றி எழுத மாணவிகளுக்கு என்ன தெரியும் என்று பெரியவர்கள் எண்ணலாம். ஒரு நாள் இரவு பால் தோயாமற் போனதால் நாங்கள் இதைத் தெரிந்துகொள்ள நேர்ந்தது.

உறை ஊற்றியும் உறையாத பால்

சென்ற ஆண்டு எங்களுள் ஒருத்தியின் வீட்டில், காய்ச்சி ஆற்றிய பாலுக்கு வழக்கம் போல் உறைமோர் ஊற்றி வைத்தார்கள். காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருந்தது. மார்கழிக் குளிர் என்று முதல் நாள் விட்டுவிட்டார்கள். மறுநாள் வேறு வீட்டிலிருந்து உறைமோர் வாங்கி ஊற்றியும் அதே கதைதான். பிறகுதான் செய்தி தெரிந்தது. பால் கொடுக்கும் பக்கத்து வீட்டு அத்தையின் பசுவுக்கு மடி வீங்கியிருந்தது. முன்பு எப்போதோ வாங்கிய மருந்தின் காலிப் புட்டியை மருந்துக் கடையில் காட்டி, அதே மருந்தை வாங்கி வந்து ஊசி போட்டிருந்தார்கள்.

பாலைத் தயிராக்குவதும் நுண்ணுயிர்களே. உறைமோரில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் பாலிலுள்ள சர்க்கரையை உண்டு புளிப்பை உண்டாக்குகின்றன, பால் தயிராகிறது. மடியில் இருந்த கெட்ட கிருமியைக் கொல்லப் போட்ட மருந்து பாலில் கலந்து வந்து, நம் உறைமோரில் இருந்த நல்ல கிருமியையும் கொன்றுவிட்டது. பால் தோயாததற்கெல்லாம் மருந்தே காரணம் என்று கூறிவிட முடியாது. குளிரும், கெட்டுப்போன உறைமோரும் கூடக் காரணமாகலாம். ஆனால் அந்த வீட்டில் காரணம் அதுதான். பாலைக் காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். பல மருந்துகள் காய்ச்சினாலும் முழுவதும் அழிவதில்லை என்று பின்னர் அறிந்தோம். அப்படியானால் அந்தப் பாலைக் குடித்த குழந்தைகளின் வயிற்றுக்குள்ளும் அந்த மருந்து சென்றிருக்குமன்றோ?

கதை அத்துடன் முடியவில்லை. இரண்டு ஊசியில் வீக்கம் வடிந்ததும் அத்தை மருந்தை நிறுத்திவிட்டார். ஒரு மாதத்திற்குள் மடி மீண்டும் வீங்கியது. இம்முறை அதே மருந்து சிறிதும் பலிக்கவில்லை. கால்நடை மருத்துவர் வந்து பாலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, வேறு மருந்து கொடுத்துப் பசுவைக் காப்பாற்றினார். ஆனால் நான்கு காம்புகளில் ஒன்று நின்றே போய்விட்டது.

“வீக்கம் வடிந்துவிட்டதே டாக்டர், இனி எதற்கு வீண்செலவு என்றுதான் நிறுத்தினேன்” என்றார் அத்தை.

“வீக்கம் வடிந்ததம்மா, கிருமி சாகவில்லையே” என்றார் மருத்துவர்.

அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ளவே நாங்கள் அறிவியல் ஆசிரியையிடம் சென்றோம்.

மருந்து பிறந்த கதை

1928-ஆம் ஆண்டு இலண்டனில் புனித மரியா மருத்துவமனையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், தம் கண்ணாடித் தட்டில் பூசணம் படர்ந்த இடத்தைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருப்பதைக் கண்டார். அந்தப் பூசணத்திலிருந்து கிடைத்ததே பெனிசிலின். பாக்டீரியாக்களைக் கொல்லும் அல்லது வளரவிடாமல் தடுக்கும் இத்தகைய மருந்துகளை ஆன்டிபயாடிக் என்கிறோம். அதற்கு முன்பு முள் குத்திய புண் சீழ் பிடித்தும், பிள்ளைப் பேற்றுக்குப் பின் காய்ச்சல் கண்டும் மாண்டவர் எத்தனையோ பேர். அவர்களைப் போன்றவர்களை இன்று காப்பாற்றுவது இம்மருந்துகளே. மனிதருக்கு மட்டுமல்ல, அடைப்பான், தொண்டை அடைப்பான், மடிநோய் போன்ற பாக்டீரியா நோய்களால் வாடும் கால்நடைகளுக்கும் இவை பெரும் வரம்.

ஆனால் அதே ஃபிளெமிங், 1945-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே ஓர் எச்சரிக்கையையும் விடுத்தார். மருந்தைப் போதிய அளவில் கொடுக்காமல் குறைத்துக் கொடுத்தால், கிருமிகள் அதற்குப் பழகி அதை எதிர்க்கத் தொடங்கிவிடும் என்பதே அது. ‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்பது நம் பழமொழி. இந்த அமுதமோ அளவுக்குக் குறைந்தாலும் நஞ்சாகிறது!

சல்லடையில் நிற்கும் கப்பி

மருந்துக்குக் கிருமி எவ்வாறு அடங்காமற் போகிறது? அரிசி மாவு சலிப்பதை எண்ணிப் பாருங்கள். மாவெல்லாம் கீழே இறங்கிவிட, சல்லடையில் நிற்பது கப்பி. மருந்தும் ஒரு சல்லடையே. கோடிக்கணக்கான கிருமிகளுள் மெலிந்தவை முதலில் சாகின்றன. தற்செயலாக ஏற்பட்ட மாறுதலால் மருந்தைத் தாங்கும் வலிமை பெற்ற சில மட்டும் மிஞ்சுகின்றன. முழு அளவு மருந்தை முழு நாளும் கொடுத்தால், அந்தச் சிலவற்றுள்ளும் பெரும்பாலானவை மருந்தாலும் உடலின் எதிர்ப்புச் சக்தியாலும் அழிந்துவிடும். பாதியில் நிறுத்தினாலோ, போட்டிக்கு ஆளில்லாத நிலத்தில் அவை மட்டுமே பெருகும். டார்வின் கூறிய இயற்கைத் தேர்வை நாங்கள் பாடப் புத்தகத்தில் படித்தோம். அது நம் தொழுவத்திலேயே நடக்கிறது!

அவை பெருகும் வேகமும் வியப்புக்குரியது. வசதியான சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகின்றன. அவ்வாறு தடையின்றிப் பிரிந்தால் ஒரே ஒரு பாக்டீரியா 10 மணி நேரத்தில் 107 கோடியாகிவிடும். நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2-ஐ 30 முறை பெருக்கினால் வருவது அதுவே. மேலும், மருந்தை வெல்லும் வித்தையை ஒரு பாக்டீரியா தன் வாரிசுகளுக்கு மட்டுமன்றி, பக்கத்திலிருக்கும் வேறு இனப் பாக்டீரியாவுக்கும் மரபணுத் துண்டாகக் கொடுத்துவிடக் கூடும்.

அத்தையின் பசுவுக்குச் செய்த சோதனையும் இதைப் பற்றியதே. வட்டத் தட்டில் அந்தப் பாலிலிருந்த கிருமிகளை வளரவிட்டு, வெவ்வேறு மருந்தில் தோய்த்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைக்கிறார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் போதிய அகலமுள்ள தெளிந்த வளையம் தோன்றுகிறதோ அந்த மருந்து பலிக்கும். முன்பு போட்ட மருந்தின் வில்லையைச் சுற்றி வளையமே இல்லை என்று மருத்துவர் கூறினார்.

தொழுவத்தோடு நிற்பதில்லை

இது மாட்டின் நோய்தானே, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. மருந்துக்கு அடங்காத கிருமி கறப்பவரின் கையிலும், காய்ச்சாத பாலிலும், சரியாக வேகாத இறைச்சியிலும் வரலாம். சாணத்தோடு வயலுக்கும், மழைநீரோடு குளத்துக்கும் கிணற்றுக்கும் செல்லலாம். மனிதர்கள் காய்ச்சலுக்கும் சளிக்கும் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்குவதும் இக்கிருமிகளை வளர்க்கும் பெருங்காரணமாகும். ஆகவே குற்றம் முழுவதையும் மாட்டின்மேல் ஏற்றக் கூடாது. ஆனால் தொழுவமும் ஒரு வாசல் என்பதை மறக்கவும் கூடாது.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக, 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று 2022-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கோலிஸ்டின் என்ற மருந்தின் கதையும் நாம் அறிய வேண்டியது. வேறு மருந்துகள் பலிக்காதபோது மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்துகளுள் அது ஒன்று. அதைக் கோழி, பன்றி முதலியவற்றின் தீவனத்தில் கலந்து கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. 2015-இல் சீனாவில், அம்மருந்தை வெல்லும் மரபணு பன்றிகளிடமும் இறைச்சியிலும் மருத்துவமனை நோயாளிகளிடமும் இருப்பதைக் கண்டு விஞ்ஞானிகள் திடுக்கிட்டனர். 2019-ஆம் ஆண்டு ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குக் கோலிஸ்டினைப் பயன்படுத்தத் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2006-ஆம் ஆண்டு தொடக்கம் முதலே, கால்நடைகள் விரைந்து வளர்வதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதைத் தடை செய்துவிட்டது.

ஏன் இவ்வாறு செய்கிறோம்?

அத்தையைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவர் நிலையில் நின்று பார்த்தோம். கால்நடை மருந்தகம் தொலைவில் இருக்கிறது. பசுவோ நடக்க முடியாமல் நிற்கிறது. வண்டி வைத்து அழைத்துச் செல்ல ஒரு நாள் கூலி போய்விடும். மருந்துக் கடையோ பேருந்து நிறுத்தத்திலேயே இருக்கிறது. மாட்டுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டிய நாளும் நெருங்குகிறது. இந்நிலையில் யாராயினும் அருகிலிருப்பதைத்தான் நாடுவர். அறியாமை மட்டுமன்று, வறுமையும் தூரமும் சேர்ந்தே இத்தவறைச் செய்விக்கின்றன. தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியை நாடலாம் என்ற செய்தி அத்தைக்கு அன்றுவரை தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

வேறொரு தவறும் பரவலாக இருக்கிறது. எந்த நோய்க்கும் ஊசி ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையே அது. மாட்டுக்கு வரும் கோமாரி, ஆட்டுக்கு வரும் ஆட்டுக்கொல்லி, கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் ஆகியவை வைரஸ் நோய்கள். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. புண்ணில் பாக்டீரியா சேர்ந்துகொண்டால் மருத்துவர் அதனைத் தருவதுண்டு. அது அவர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது. இந்நோய்களுக்கு உற்ற காவல் தடுப்பூசியே. உலகெங்கும் மந்தை மந்தையாக மாடுகளை அழித்த வெக்கை நோய் 2011-ஆம் ஆண்டில் அடியோடு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது தடுப்பூசியின் வெற்றியன்றோ!

பாலைக் கொட்டுவதா?

மருந்து போட்ட பசுவின் உடலிலிருந்து மருந்து முழுவதும் வெளியேறச் சில நாட்கள் ஆகும். அதுவரை அதன் பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது. கன்றுக்கும் ஊட்டக் கூடாது. அதன் வயிற்றிலும் அடங்காத கிருமிகள் வளரும். இதனை விலக்குக் காலம் என்பர். உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளின் மருந்துப் புட்டியில் இக்காலத்தை அச்சிட வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் விதி இருக்கிறது. காலம் தனியாக வரையறுக்கப்படாத மருந்தாயின், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், ஆடு, மாடு, கோழி ஆகியவற்றின் இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் என்பது அவ்விதி.

சொல்வது எளிது, செய்வது எளிதன்று. நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் பசுவின் பாலை 5 நாள் விலக்கினால், லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 1,400 ரூபாய் போகிறது. “சொட்டுச் சொட்டாய்க் கறந்ததைச் சாக்கடையில் கொட்டச் சொல்கிறீர்களே” என்று அத்தை கண் கலங்கியபோது எங்களுக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் வேறொரு கணக்குப் போட்டோம். நின்றுபோன ஒரு காம்பின் பால், அப்பசு வாழும் காலமெல்லாம் இல்லை. 1,400 ரூபாயை விட அது எத்தனை மடங்கு! முழுமையாக மருந்து கொடுத்துச் சில நாள் பாலை இழப்பதே உண்மையில் சிக்கனம். அதைவிடச் சிக்கனம், நோயே வராமல் பார்த்துக்கொள்வது.

வருமுன் காப்போம்

மடிநோயைத் தடுக்கப் பெரும் பொருள் வேண்டியதில்லை. தொழுவத் தரை ஈரமின்றி இருக்க வேண்டும். கறப்பதற்கு முன் கையையும் மடியையும் கழுவித் துடைக்க வேண்டும். முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தால், திரிதிரியாக வருவது தெரிந்துவிடும். அதுவே நோயின் முதல் அடையாளம். பாலை மடியில் தேங்கவிடாமல் முழுவதும் கறக்க வேண்டும். கறந்த பின் காம்பின் துளை மூடச் சிறிது நேரமாகும். ஆகையால் உடனே பசுவைப் படுக்கவிடாமல், அரைமணி நேரம் தீவனம் வைத்து நிற்கச் செய்வது நல்லது. பிறந்த கன்றுக்கு முதல் ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டினால், தாயின் எதிர்ப்புச் சக்தி அதற்குக் கிடைக்கிறது. கோமாரித் தடுப்பூசி முகாம் நடக்கும் நாளில் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடாமல் வீட்டில் கட்டி வைப்பதும் பெரிய காரியமே.

நம் பாட்டிமார் அறிந்த மூலிகைகளையும் அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். மடிவீக்கத்தின் தொடக்கத்தில் 250 கிராம் சோற்றுக் கற்றாழை, 50 கிராம் மஞ்சள் தூள், 15 கிராம் சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்து, நீரில் கரைத்து, பால் முழுவதையும் கறந்து கழுவிய மடியில் நாள்தோறும் பலமுறை பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பினார். தேசிய பால்வள வாரியமும் இதனை நாடெங்கும் எடுத்துச் சென்றிருக்கிறது. இருப்பினும், பசுவுக்குக் காய்ச்சல் கண்டாலோ தீவனம் எடுக்காவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

செய்தியை யார் சொல்வது?

ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை உலகமெங்கும் இதற்கென விழிப்புணர்வு வாரம் கொண்டாடப்படுகிறது. ஆனால் ‘நுண்ணுயிர்க் கொல்லி எதிர்ப்பாற்றல்’ என்று சுவரில் எழுதி வைத்தால் பால் கேனோடு ஓடும் எந்த அம்மா நின்று படிப்பார்? ‘மருந்துக்கு அடங்காத கிருமி’ என்றால் அவருக்குப் புரியும். செய்தி அவர் இருக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும். காலையில் பால் சொசைட்டி வாசலிலும், மகளிர் குழுக் கூட்டத்திலும், ஞாயிறு திருப்பலி முடிந்த பின் கோவில் வளாகத்திலும் நான்கு சொற்கள் போதும்: மருத்துவரைக் கேட்காமல் ஊசி போடாதே, தொடங்கிய மருந்தைப் பாதியில் நிறுத்தாதே, மிச்ச மருந்தை அடுத்த மாட்டுக்குப் போடாதே, விலக்கிய பாலை விற்காதே.

இதில் எங்களுக்கென்று ஒரு பணி இருப்பதையும் உணர்ந்தோம். அத்தையிடம் அந்தப் புட்டியை வாங்கிப் பார்த்தோம். விலக்குக் காலம் அதில் அச்சாகியே இருந்தது. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்! அத்தை நான்காம் வகுப்போடு நின்றவர். அவர் அதை எப்படிப் படிப்பார்? படிக்கத் தெரிந்த நாங்களோ ஒரு நாளும் அதைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. தொழுவத்து வேலையில் பெரும் பங்கைச் செய்வோர் நம் அன்னையரே. நம்மைப் படிக்க வைப்பதும் அவர்கள் கறக்கும் பாலே. அவர்களுக்காக ஒரு புட்டியின் மேலுள்ள நான்கு வரியைப் படித்துச் சொல்லாவிட்டால், நாம் கற்ற ஆங்கிலத்தால் என்ன பயன்?

இப்போது அத்தை வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் ஓர் ஒழுங்கு வந்திருக்கிறது. மருந்து போட்ட நாளில் ஒரு புள்ளி. பாலை மறுபடி விற்கலாம் என்ற நாளில் ஒரு வட்டம். எங்களுள் ஒருத்தி அதைக் குறித்துக் கொடுக்கிறாள். நாங்கள் செய்தது இவ்வளவே.

மருந்தின் ஆற்றல் ஊருணி நீர் போன்றது. எவருக்கும் தனிச் சொத்தன்று. ஒருவர் வீணாக்கினால் ஊரே தாகத்தால் வாடும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலில், இவ்வுலகை நம் அனைவருக்கும் பொதுவான இல்லமாகக் கண்டு பேணும்படி வேண்டினார். அவ்வில்லத்தில் மாட்டுத் தொழுவமும் அடங்கும். இயேசு பாலன் பிறந்த இடமும் அதுவேயன்றோ? வனத்து அந்தோணியார் திருநாளாகிய ஜனவரி 17-இல் நம் ஊர்களில் மாடுகளைக் குளிப்பாட்டிக் கோவிலுக்கு ஓட்டிச் சென்று ஆசீர் பெறுகிறோம். ஆசீர் பெற்ற மாட்டை அறிவோடு பேணுவதும் நம் கடமையே.

அன்புத் தோழியரே! இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும், தொழுவத்து மாடத்திலிருக்கும் மருந்துப் புட்டியை எடுத்து, அதிலுள்ளதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.